ரெபேக்காவின் வட்டியும் பன்னிரண்டு தசமபாக ரசீதுகளும்

அன்னூர்,
ஜூன் 21, ஞாயிறு மதியம்.

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

லின்சி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, ஆல்வின் அண்ணன், மெர்சி அண்ணி, அவர்கள் செல்லம் ரெபேக்கா, நான், புதிதாக வாங்கிய ஐந்து கோழிகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் விமலாராணி அத்தையும் சுகமாக இருக்கவேண்டுமென்று காலை ஆராதனையில் வேண்டிக்கொண்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்ததா? ஆலையில் கொடுத்த ஓய்வுப் பணம் முழுவதையும் நீங்கள் செங்கல்லும் கம்பியுமாக மாற்றிவிட்டதாக அத்தை போன மாதம் குறைப்பட்டுக்கொண்டார்கள். வாடகைக்கு நல்ல ஆளாக வந்துவிட்டால் அவர்களும் சமாதானம் ஆகிவிடுவார்கள். ரெபேக்காவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. அவள் 'தாத்தா' என்று சொல்லும்போது இப்போது பாதி காற்றாகத்தான் வருகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'மாமா' என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வங்கி மேலாளரைத் திட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். திட்டி முடிக்கும்போது என் பஸ் கோவில்பாளையத்தைத் தாண்டிவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லோருக்கும் நம் வீட்டு வட்டிக் கணக்கு இப்போது மனப்பாடம். அதுவுமில்லாமல், இந்த உறைக்குள் ஒரு படிவம் இருக்கிறது. அதை நீங்கள்தான் உங்கள் ஊர் கோபி வங்கிக் கிளையில் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் அதில் யார் பெயர் எழுதியிருக்கிறதென்று கட்டாயம் பார்ப்பீர்கள். பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீங்கள் படித்துவிடவேண்டும் என்பதற்காகப் படிவத்தை அடியில் மடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து வரிசையாகவே படியுங்கள் மாமா.

முதலில் அந்த ஐயாயிரத்து அறுநூறு ரூபாய். ரெபேக்கா பேரில் நீங்கள் போட்டுவைத்த எட்டு லட்சத்துக்குப் போன வருடம் ஐம்பத்தாறாயிரம் வட்டி வந்தது, அதில் பத்து சதவீதத்தை வங்கி பிடித்துவிட்டது, நீங்கள் பாஸ் புத்தகத்தோடு நேராக மேலாளர் அறைக்குள் போய், "பல்லு உழுகாத புள்ளைகிட்ட வரி புடிக்கறீங்களே, இது நாயமுங்களா" என்று கேட்டீர்கள் (பல் அப்போதே ஒன்று விழுந்துவிட்டது, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்), அவர் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள் என்றதும், "எங்க ஊட்லயே ஆடிட்டர் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அத்தைதான் சொன்னார்கள். மாமா, நான் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் லட்சுமிநாராயணன் சார் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்குகிறவள். பி.காம். முடித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. நம் குடும்பத்தில் நான்தான் முதலில் பட்டம் வாங்கினேன் என்பதற்காக நீங்கள் கோபி சபை முழுக்க என்னை ஆடிட்டர் ஆக்கிவிட்டதில், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மூன்று பேர் என்னிடம் தங்கள் நிலப் பத்திரத்தைக் காட்டினார்கள். நான் வாய் திறக்காமல் தலையாட்டியதை அவர்கள் பெரிய படிப்பின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்து மூன்று நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சார் முன்னால் நின்றேன், திரும்பினேன், நின்றேன். நான்காம் நாள் அவரே, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். அப்புறம்தான் கேட்டேன். அவர் சொன்னது இது. ரெபேக்காவிடம் யாரும் வரி கேட்கவில்லை. பதினெட்டு வயது ஆகாத குழந்தைக்கு, அது உழைக்காமல் வருகிற வட்டி மாதிரியான வருமானத்தை அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். பெரியவர்கள் தங்கள் பணத்தைக் குழந்தை பேரில் போட்டுவிட்டு என்னிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வட்டி ஐம்பதாயிரத்தைத் தாண்டியதால் வங்கி தன் கடமைக்குப் பத்து சதவீதத்தை எடுத்து, நீங்கள் ஆசையாக வாங்கிக்கொடுத்தீர்களே, படமில்லாத பான் அட்டை, அந்த எண்ணில் கட்டிவிட்டது. இனி செய்யவேண்டியது, அதிக வருமானம் உள்ள பெற்றோரின் வரிக் கணக்கில் வட்டியைக் காட்டவேண்டும், பிடித்த வரியையும் அவர் எண்ணுக்கே மாற்றச் சொல்லி வங்கிக்கு ஒரு உறுதிமொழி கொடுக்கவேண்டும். உறைக்குள் இருக்கும் படிவம் அதுதான். கொடுத்தால் பணம் முழுதாகத் திரும்பிவிடும். குழந்தைக்கென்று அரசாங்கம் ஒன்றும் விட்டுக்கொடுக்காதா என்று கேட்டீர்கள். பழைய வரி முறையில் வருடத்துக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் விட்டுக்கொடுப்பார்களாம். புதிய முறையில் அதுவும் கிடையாது.

குழந்தை தானே உழைத்தோ திறமையைக் காட்டியோ சம்பாதித்தால் மட்டும் பெற்றோரோடு சேர்க்கமாட்டார்கள் என்று நான் சொன்னது என் தப்பு. அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டு, "ஏன் கண்ணு, அது தெனமும் கோழி முட்டை பொறுக்குதில்ல, அது உழைப்பில்லீங்களா?" என்றீர்கள். மறுநாள், வேத வசன மனப்பாடப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கியதைத் திறமையில் சேர்க்கச் சொன்னீர்கள். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்பதை நினைவூட்டினேன். நீங்கள் விடவில்லை. இரண்டையும் நான் சாரிடம் கேட்டேன் மாமா, உங்களுக்காக முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சிரிக்காமல், "முட்டை வித்த காசுன்னா அது குழந்தையோடதுதான். ஆனா அந்த எட்டு லட்சம் முட்டை வித்து வந்ததான்னு உங்க மாமாவைக் கேளு" என்றார். பெரியவர்களிடம் பணம் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கூரியர் வந்தது. அதிக வருமானம் ஆல்வினுக்குத்தான், இதோ அத்தாட்சி என்று எழுதி, போன வருடத்துத் தசமபாக ரசீதுகள் பன்னிரண்டையும் நூல் கோர்த்து அனுப்பியிருந்தீர்கள். எங்கள் சபைப் பொருளாளர் ரங்கராஜ் ஐயாவிடம் சொல்லி நகல் வாங்கியிருக்கிறீர்கள் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொன்றிலும் 'திரு. ஆல்வின், எட்டாயிரம்'. அடியில் உங்கள் கையெழுத்தில் கணக்கு. எட்டாயிரம் பன்னிரண்டு மாதம், தொண்ணூற்றாறாயிரம். தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்று. ஆகவே ஆல்வினின் வருமானம் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். 'சபைக் கணக்கில் பொய் இருக்காது' என்று சிவப்பு மையில் கோடு வேறு. லட்சுமிநாராயணன் சார் அதை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். முப்பது வருடத்தில் பால் சொசைட்டி சீட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வாழைத்தார் ஏலச் சீட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள், இது புதுசு என்றார். அலுவலகத்தில் மிஸ்பா, எங்கள் ஜமாத் ரசீதையும் இனி பத்திரப்படுத்தவேண்டும் போலிருக்கிறது என்று நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சார் மட்டும் ரசீதுகளை மரியாதையாக மடித்துக் கொடுத்துவிட்டு, "ரசீது குடும்பத்துக்கும்மா. வருமானம் ஆளுக்கு. ரெண்டு பேர் காகிதத்தையும் கொண்டா" என்றார்.

இரண்டு பேரிடமும் காகிதம் கேட்பது இருக்கிறதே, அதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அண்ணி இரவு டியூட்டி முடித்து வந்து சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது, சம்பளத்துக்குக் கொடுக்கிற ஃபார்ம் பதினாறு வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், ரெபேக்காவின் தடுப்பூசி அட்டைகளுக்குள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரிச் செவிலியர் சம்பளம், வருடத்துக்கு ஆறு லட்சத்து முப்பதாயிரம். அண்ணனின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு ஒரு டைரிதான் கணக்கு. அதை நானே உட்கார்ந்து கூட்டினேன். செம்புக் கம்பி, வார்னிஷ், கடை வாடகை எல்லாம் போக மூன்று லட்சத்து முப்பதாயிரம். இரண்டு தடவை கூட்டினேன் மாமா, அண்ணனுக்காக மூன்றாம் தடவையும் கூட்டினேன். ஏறவில்லை.

அண்ணன் அடிக்கடி, "மெர்சி சம்பளத்துல மாசம் பதினோராயிரம் கவுருமெண்டே புடிச்சுபோடறான்" என்று அரசாங்கத்தைத் திட்டுவாரே, அவ்வளவு பெரிய பிடித்தம் எதுவும் ஃபார்மில் இல்லை. அண்ணனுக்கு ஏதோ தப்பாகப் புரிந்திருக்கிறது என்று அதை விட்டுவிட்டேன். இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். உங்கள் சிவப்பு மைக் கணக்கு, ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. நம் வீட்டில் யார் யாரிடம் எதை மறைத்தாலும் தேவனிடம் மட்டும் யாரும் ஒன்றும் மறைக்கவில்லை. அண்ணியின் பங்கும் சேர்ந்த உறையை அண்ணன் கையால் பெட்டியில் போட, குடும்பத் தலைவர் என்று அவர் பேரில் ரசீது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யார் பேரை எழுதினாலும் வரி ஒரு பைசா கிடையாது. இரண்டு பேருமே வரி இல்லாத அளவுக்குள் வந்துவிடுகிறார்கள், ஐயாயிரத்து அறுநூறும் எப்படியும் திரும்பும். அதனால் அண்ணன் பேரையே எழுதிவிடலாமா என்று சாரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தலை நிமிராமல், "அந்தக் கட்டத்துல எவ்வளவு வரின்னு கேக்கலையே. யாருக்கு அதிகம்னுதானே கேட்டிருக்கு" என்றார். பேனாவை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் பயம் உங்களை நினைத்துத்தான். அண்ணன் கல்யாணத்தின்போது கருமத்தம்பட்டியில் அண்ணியின் அப்பாவிடம், "உங்க புள்ள சம்பளத்துல ஒரு பொட்டணம் காப்பித்தூளு கூட எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க, எங்க பையன் பாத்துக்குவான்" என்று சொன்னது நீங்கள். அதை இன்றுவரை கோபி சபையில் சொல்லிக்கொண்டிருப்பதும் நீங்கள். அண்ணனும் அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்காருகிறார், போன அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் விட்ட காணிக்கை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தார். பன்னிரண்டு நாள் நாங்கள் பூசணிக்காய் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை சீக்கிரமே வந்து அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு கிணற்று மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணும்போது பேசக்கூடாது என்பது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அப்படியே நாலு காயில் முடிந்துவிட்டது. ஐந்தாவதில் நாற்பதைத் தாண்டும்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அண்ணா, பேங்க் ஃபார்ம்ல அண்ணி பேரைத்தான் எழுதோணும். அவங்களுக்குத்தான் வருமானம் சாஸ்தி."

அண்ணன் கை நின்றது. எண்ணிக்கை போய்விட்டது. கம்பியைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.

"எழுது. உள்ளதுதானே" என்றார். பத்துச் சுற்றுக்கு அப்புறம், "மாமாவுக்கு வெவரமெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதே கண்ணு. பேரை மட்டும் போட்டு அனுப்பிப்போடு. எதுக்கு அதையெல்லாம் கிளறிக்கிட்டு."

உங்கள் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கும் என்று அண்ணன் எவ்வளவு மருகுகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த முகம்தான் மனதில் நிற்கிறது. இன்று காலை ஆராதனை முடிந்ததும் அவர் ரங்கராஜ் ஐயாவிடம் போய், ரசீதில் இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னார். ஐயா, பெயருக்கு ஒரு கோடுதானே இருக்கிறது என்றார். சின்னதாக எழுதுங்கள் என்றார் அண்ணன். இந்த மாத ரசீதில் 'மெர்சி, ஆல்வின்' என்று எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கிறது. அண்ணி அதை வாங்கிப் படித்துவிட்டு, தடுப்பூசி அட்டைகளோடு வைத்துவிட்டார்கள்.

ஆகையால் மாமா, படிவத்தில் அண்ணி பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வைப்புப் போட்ட அன்றைக்கு அண்ணனுக்கு வேலை இருக்கும் என்று சொல்லி நீங்கள் அண்ணியைத்தான் கோபிக்கு அழைத்துப்போய்க் காப்பாளராகக் கையெழுத்து வாங்கினீர்கள். அதனால் இதிலும் அவர்களே கையெழுத்துப் போடவேண்டும், கடிதத்தை முடித்ததும் வாங்கிவிடுகிறேன். நீங்கள் அதைக் கிளையில் கொடுத்து முத்திரை வைத்த நகல் ஒன்று வாங்கினால் போதும். மேலாளரிடம் வேறெதுவும் பேசவேண்டாம், முட்டையைப் பற்றி முக்கியமாகப் பேசவேண்டாம். வைப்பை எடுத்து நகையாக்கிவிடுவேன் என்று கோபத்தில் சொன்னீர்கள், அதையும் செய்துவிடாதீர்கள், அது ரெபேக்கா காலேஜ் போகிற பணம். செப்டம்பரில் அறுப்பின் பண்டிகைக்கு வரும்போது அண்ணனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். சிரிக்கக்கூடச் சிரிக்காதீர்கள். இத்தனை வருடம் உங்களுக்கு எதிரில் நான் இவ்வளவு பேசியதில்லை. எழுதும்போது உங்கள் முகம் தெரியாததால்தான் தைரியம் வந்தது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், முழங்காலுக்கு அண்ணி கொடுத்தனுப்பிய தைலத்தை ராத்திரியில் தேய்க்கச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் இருவரையும், மாடி வீட்டையும், வரப்போகும் வாடகைக்காரரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உங்கள் கோபத்துக்கு அஞ்சும், அன்பில் குறையாத
மருமகள்,
லின்சி

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் இதற்குள் படித்திருப்பீர்கள். இனி மறந்துவிடலாம். படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது அண்ணி கடிதத்தையும் கேட்டார்கள். கொடுத்தேன். காப்பித்தூள் இருக்கும் பத்தி வந்ததும் அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு. "ஏன் கண்ணு, உங்க மாமா அத்தனை பணத்தையும் மாடியில போட்டாருன்னு நீயே மேல எழுதியிருக்கறே. அப்புறம் இந்த எட்டு லட்சம் எதுல வந்துச்சாம்?" என்றார்கள். பி.காம். படித்த எனக்கு அது தோன்றவேயில்லை மாமா. ரெபேக்காவுக்கு ஒரு வயது ஆனதிலிருந்து ஆறு வருடம், மாதம் பதினோராயிரம், அண்ணிதான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வைப்புப் போட்ட பிறகும் நிறுத்தவில்லை. அதைத்தான் அண்ணனிடம் அரசாங்கப் பிடித்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் இருந்தால் பூசணிக்காய் ஆகிவிடும் என்றும், மெர்சி காசில் சேர்த்தோம் என்று அண்ணனுக்கு வருத்தம் வரக்கூடாது என்றும் நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு, எட்டு லட்சம் நிறைவாக இருக்கட்டும் என்று கடைசி எட்டாயிரத்தை மட்டும் நீங்கள் போட்டு, தாத்தா கொடுத்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். அண்ணி பெயர் படிவத்தில் ஏறினால் அவர்கள் சம்பளக் கணக்கைக் கிளறுவோம், குட்டு உடைந்துவிடும் என்று பயந்துதான் முட்டை, டிபன் பாக்ஸ், பன்னிரண்டு ரசீது எல்லாம். நானும் அதை முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். போகட்டும். பணம் தாத்தா கொடுத்ததானாலும் அம்மா கொடுத்ததானாலும் வட்டி அதிக வருமானம் உள்ளவரோடுதான் சேரும் என்பதால் படிவத்தில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் அண்ணனுக்கு மட்டும் இது எக்காரணம் கொண்டும் தெரியவேண்டாம் என்று அண்ணி சொல்லச் சொன்னார்கள்.

இன்னும் ஒரு பின்குறிப்பு: தபாலில் போட்டுவிடுகிறேன் என்று அண்ணன் இப்போது வந்து நின்றார். ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கும் போல, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாக, "உன்ற அண்ணி பேங்க் கணக்குக்கு என்ற போன் நம்பரைத்தான் கொடுத்திருக்குது. மாசம் பொறந்தா மூணாந்தேதி, மாமா பேருக்குப் பதினோராயிரம் போச்சுன்னு மெசேஜ் எனக்குத்தான் வரும். ஏழு வருசமா வருது" என்றார். அப்புறம் ஏன் அண்ணா கவர்மெண்டைத் திட்டினீர்கள் என்று கேட்டேன். "திட்டாட்டி அவளுக்குச் சந்தேகம் வந்துருமில்ல. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும் கண்ணு" என்றார். ஆகவே மாமா, நீங்கள் வரும்போது பழையபடியே நடித்துக்கொள்ளுங்கள், அவரும் நடிப்பார், அண்ணியும் நடிப்பார்கள். இந்த வீட்டில் விவரம் தெரியாமல் இருந்தது நானும் ஐந்து கோழிகளும்தான். நீங்கள் சபையில் என்னை ஆடிட்டர் என்று சொல்லுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.